இருப்பதை வைத்தே வீட்டை அழகாக்கலாம்: கோலாலம்பூர் அடுக்குமாடிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் அடுக்குமாடியின் பொது மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் சிலர் கூடிக் கைவேலை செய்கிறோம். அங்கே அக்காமார்களும் பிள்ளைகளும் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். பெரும்பாலோர் வீடு 700 சதுர அடிக்குள் அடங்கும். அதற்குள் ஐந்தாறு பேர், ஒரு சாமி மேடை, துணி காயப்போடும் பால்கனி. அந்த அளவு வீட்டுக்குப் பொருந்துகிற, இந்த ஊர் ஈரத்தைத் தாங்குகிற வேலைகளை மட்டுமே எழுதியிருக்கிறேன்.

கையில் காசு அதிகம் இல்லை. எதிலிருந்து தொடங்குவது?

கடைக்குப் போகாமல் தொடங்குங்கள். ஒரு பெரிய பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள்ளேயே ஒரு சுற்று வாருங்கள். சமையலறையில் பால் டின், மைலோ டின், ஊறுகாய் போத்தல், தீபாவளிக்கு முறுக்கு வந்த சிவப்பு மூடி டப்பா இருக்கும். அலமாரியில் கரை மட்டும் நன்றாக இருக்கிற சேலை, சாயம் போன பாத்தேக் (மெழுகுச் சாயத் துணி), தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் கொடுத்த டி-சட்டைகள் கிடைக்கும். இழுப்பறையைத் திறந்தால் கல்யாணப் பத்திரிகைகள், பண்டிகைக்குப் பணம் வைத்துக் கொடுக்கும் அங்பாவ் உறைகள், ஜோடி தவறிய வளையல்கள். தினசரிக் காலண்டரின் பின்னட்டையையும் எடுத்து வையுங்கள். வருடம் முழுக்க 365 தாள்களைத் தாங்கிய கெட்டி அட்டை அது. படச் சட்டத்துக்கு அதைவிட நல்ல பின்பலகையை நான் பார்த்ததில்லை.

வாங்க வேண்டியவை கொஞ்சம்தான்: வெள்ளைப் பசை, கூரான கத்தரிக்கோல், உப்புத்தாள், சின்ன டின் வார்னிஷ், பருத்திக் கயிறு. முதல் வேலைக்கு 20 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் போகிறது என்றால் வேறு வேலையைத் தேர்ந்தெடுங்கள். பழைய பொருளை மறுபடி பயன்படுத்துகிறோம் என்று சொல்லிக்கொண்டு புதுப் புதுப் பொருளாக வாங்கிக் குவிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வீடும் நிறைந்துபோகும், காசும் போகும்.

இணையத்தில் பார்த்துச் செய்தது மூன்றே மாதத்தில் பூசணம் பிடித்துவிட்டது. ஏன்?

எல்லாக் கேள்விகளிலும் முக்கியமானது இதுதான். நீங்கள் பார்க்கும் காணொளிகளில் பல, வறண்ட காற்றுள்ள நாடுகளில் எடுக்கப்பட்டவை. கோலாலம்பூரில் விடியற்காலையில் காற்றின் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தொடுவது சாதாரணம். காகிதம், அட்டை, சணல், மெருகிடாத மரம் எல்லாம் அந்த ஈரத்தைக் குடித்துக்கொள்ளும். குடித்த ஈரம் வெளியே போக வழியில்லாத இடத்தில், அதாவது சுவருக்கும் படத்துக்கும் நடுவில், பூசணம் வளரும்.

ஆகவே பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே ஊரை நினைத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணாடி, தகரம், பிளாஸ்டிக், தேங்காய்ச் சிரட்டை, நைலான் கயிறு இவை இங்கே நன்றாக நிற்கும். துணி நிற்கும், ஆனால் கழட்டித் துவைக்கும்படி தைக்க வேண்டும். காகிதமும் அட்டையும் வேண்டுமென்றால் காப்புப் பூச்சு அவசியம். வெள்ளைப் பசையோடு சம அளவு தண்ணீர் கலந்து மெல்லிய தூரிகையால் பூசி, காய்ந்ததும் இன்னொரு முறை பூசுங்கள். அதன் மேல் வார்னிஷ் ஒரு பூச்சு. முன்பக்கம் மட்டும் பூசினால் அட்டை வளைந்துகொள்ளும். பின்பக்கமும் ஓரங்களும் சேர வேண்டும்.

காய வைப்பதிலும் அவசரம் கூடாது. வெள்ளைப் பசை அதிலுள்ள தண்ணீர் ஆவியானால்தான் இறுகும். ஈரக் காற்றில் அது தாமதமாகும். மார்ச், ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் இங்கே பிற்பகல் ஆனால் இடியோடு மழை வந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு ஒட்டி மதியத்துக்குள் காய விடுவது நல்லது. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் ஒரு ராத்திரி மின்விசிறிக் காற்றில் வைத்துவிட்டு மறுநாள் மாட்டுங்கள்.

மாட்டும்போது சட்டத்தின் நான்கு மூலையிலும் பின்னால் ஒவ்வொரு போத்தல் மூடியை ஒட்டிவிடுங்கள். சுவருக்கும் சட்டத்துக்கும் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும், காற்று போய் வரும். குளியலறையை ஒட்டிய சுவரிலும், மழை அடிக்கும் வெளிச்சுவரிலும் காகித வேலையை மாட்டவே வேண்டாம்.

வெள்ளையாக லேசாகப் பூத்திருந்தால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்க் காய்ந்த தூரிகையால் துடைத்து, வினிகர் நனைத்த துணியால் ஒற்றி, வெயிலில் வையுங்கள். கறுப்பாக உள்ளே இறங்கியிருந்தால் தூக்கிப் போடுவதுதான் சரி. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையில் கையை வைக்க வேண்டாம்.

எந்தப் பசை எதற்கு?

காகிதம், அட்டை, துணிக்கு வெள்ளைப் பசை போதும். கண்ணாடியோடு தகரம், சிரட்டையோடு கல் என்று வழவழப்பான இரண்டைச் சேர்க்க, இரண்டு குழாயிலிருந்து எடுத்துக் கலக்கும் எபாக்சி வேண்டும்.

சூடாக உருக்கி ஒட்டும் குளூ கன் எல்லாருக்கும் பிடிக்கிறது, ஏனென்றால் உடனே ஒட்டும். ஆனால் அந்தப் பசை சூட்டில் மறுபடி இளகும். மேற்குப் பார்த்த ஜன்னலில், வெயிலில் காயும் இரும்புக் கிரில்லில், காருக்குள் அதை நம்பாதீர்கள்.

மைதாவைக் காய்ச்சிய பசையைப் பாட்டிமார்கள் கேட்கிறார்கள். அது நல்ல பசைதான், செலவும் இல்லை. ஆனால் மாவுச்சத்து இருக்கும் இடத்துக்குக் கரப்பானும் வெள்ளிப் பூச்சியும் வரும். அந்தக் காலத்தில் புத்தகம் கட்டுகிறவர்கள் பசையில் ஒரு சிட்டிகை மயில்துத்தம் சேர்த்தது அதற்காகத்தான். மயில்துத்தம் விஷம் என்பதால் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன். பண்டிகைக்கு ஒரு வாரம் தொங்கும் காகிதத் தோரணத்துக்கு மட்டும் மைதாப் பசை வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீடு. சுவரில் ஆணி அடித்தால் முன்பணத்தில் கழிப்பார்கள். என்ன செய்யலாம்?

சுவரை விட்டுவிட்டு கிரில்லைப் பாருங்கள். நம் ஊரில் கிரில் இல்லாத ஜன்னல் அபூர்வம். S வடிவக் கொக்கி பத்து வாங்கினால், செடி, வளையல் தொங்கல், டின் விளக்கு எல்லாவற்றையும் அங்கே தொங்கவிடலாம். திரைச்சீலைக் கம்பியும் அப்படித்தான்; சேலைக் கரை நீளமாக இருந்தால் அதன் மேல் போட்டுவிட்டாலே ஓர் அலங்காரம். பெரிய படத்தை மேசை மேலோ அலமாரி மேலோ சாய்த்து வைக்கலாம். அது வழுக்காமல் இருக்க அடியில் பழைய யோகா பாயில் ஒரு துண்டு வெட்டி வையுங்கள்.

ஒட்டிக் கழட்டும் கொக்கிகள் நல்ல பெயிண்டில் நிற்கும். விரலால் தேய்த்தால் வெள்ளைப் பொடி வரும் பழைய சுவரில் நிற்காது. நின்றாலும் கழட்டும்போது பெயிண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு வரும். ஒட்டுவதற்கு முன் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் சுவரைத் துடைத்துக் காய விடுங்கள். ஒட்டியதும் கனத்தை ஏற்றாமல் ஒரு மணி நேரமாவது பொறுங்கள். கழட்டும்போது வெளியே இழுக்கக் கூடாது, பட்டையைச் சுவரோடு சேர்த்துக் கீழ்நோக்கி மெதுவாக நீட்ட வேண்டும்.

சொந்த வீடு, துளை போடத்தான் போகிறோம் என்பவர்களுக்கு ஒன்று: சுவிட்சுக்கும் பிளக்குக்கும் நேர் மேலேயும் நேர் கீழேயும், அதே உயரத்தில் பக்கவாட்டிலும் துளை போடாதீர்கள். மின்கம்பி பெரும்பாலும் அந்த வழியில்தான் சுவருக்குள் போகும்.

பால் டின்னில் விளக்கு செய்ய ஆசை. ஆணி அடித்தால் டின் நசுங்கிவிடுகிறதே?

டின்னுக்குள் தண்ணீர் ஊற்றி உறைய வைத்துவிட்டு அடியுங்கள், நசுங்காது. எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

டின்னைக் கழுவி, லேபிளை வெந்நீரில் ஊறவைத்து எடுங்கள். மேல் விளிம்பில் கூரான இடம் இருந்தால் குறட்டால் உள்பக்கம் மடித்து அழுத்திவிடுங்கள். விளிம்பிலிருந்து இரண்டு விரல் குறைய தண்ணீர் ஊற்றி ஒரு ராத்திரி உறைபெட்டியில் வையுங்கள். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 விழுக்காடு பெருகும். முழுக்க ஊற்றினால் டின்னின் அடிப்பக்கம் உப்பிக்கொண்டு நேராக நிற்காது.

அது உறைவதற்குள் கோலத்தைத் தயார் செய்யுங்கள். டின்னின் சுற்றளவை நூலால் அளந்து அதே நீளத்துக்கு ஒரு காகிதம் வெட்டி, அதில் 5 புள்ளிச் சிக்குக் கோலம் ஒன்றை வரையுங்கள். புள்ளி இருக்கும் இடத்தில் பெரிய துளை, கோடு வளைந்து போகும் இடத்தில் அரைச் சென்டிமீட்டருக்கு ஒரு சின்னத் துளை. பாட்டியிடமோ அம்மாவிடமோ ஒரு கோலம் போடச் சொல்லி அந்தக் காகிதத்தையே ஒட்டினால் இன்னும் சிறப்பு. வீட்டு வாசலில் போட இடமில்லாத கோலம் டின்னில் நிலைத்துவிடும்.

மறுநாள் காலை டின்னை வெளியே எடுத்துக் காகிதத்தை டேப்பால் சுற்றி ஒட்டுங்கள். தடித்த துண்டை மடித்துப் போட்டு அதன் மேல் டின்னைப் படுக்க வைத்தால் உருளாது, கீழ் வீட்டுக்குச் சத்தமும் குறையும். நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போங்கள். பனிக்கட்டி இளகத் தொடங்கினால் நிறுத்தி மறுபடி உறைய வையுங்கள். அடித்து முடித்ததும் வெந்நீர் ஊற்றிக் கட்டியை எடுத்து, உடனே துடைத்து வெயிலில் காய வைக்க வேண்டும். டின் என்பது மெல்லிய வெள்ளீயப் பூச்சு உள்ள இரும்புத் தகடு. துளை போட்ட இடத்தில் இரும்பு வெளியே தெரியும், ஒரு நாள் ஈரத்தோடு விட்டால் துரு வரும். காய்ந்ததும் வெளிப்பக்கம் இரும்புக்கான அடிப்பூச்சும் பிறகு வண்ணமும் அடியுங்கள். உள்பக்கம் வெள்ளித் தகடாகவே இருக்கட்டும், வெளிச்சத்தைத் திருப்பிக் கொடுக்கும்.

உள்ளே பேட்டரியில் எரியும் சின்ன எல்.இ.டி. விளக்கை வையுங்கள். சுவரில் கோலம் விழும். ஒரு எச்சரிக்கை: இந்த விளக்குகளில் பல, பொத்தான் வடிவப் பேட்டரியில் எரிபவை. குழந்தை அதை விழுங்கினால் உணவுக்குழாயே வெந்துபோகும் ஆபத்து உண்டு. பேட்டரி மூடிக்குத் திருகாணி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.

அம்மாவின் பழைய சேலைகள் இருக்கின்றன. வெட்ட மனமில்லை, வைத்திருக்கவும் இடமில்லை.

கட்டக்கூடிய நிலையில் உள்ள சேலையை வெட்டாதீர்கள். யாராவது கட்டட்டும். மடிப்பில் விட்டுப்போன பட்டு, கறை பட்ட பருத்தி, நடுவில் கிழிந்து கரை மட்டும் பிழைத்த சேலை இவைதான் நமக்கு.

முதல் வேலையாக வாசல் தோரணம் செய்யுங்கள். மாவிலைத் தோரணம் இரண்டு நாளில் வாடிவிடும். பண்டிகை நாளில் பச்சை மாவிலைதான் அழகு, அதில் மாற்றுக் கருத்து இல்லை. மற்ற நாளுக்குத் துணித் தோரணம் இருக்கட்டும். சேலையின் உடல் பகுதியிலிருந்து 12 சென்டிமீட்டர் நீளம், 4 சென்டிமீட்டர் அகலத்தில் மாவிலை வடிவம் வெட்டுங்கள். ஓர் இலைக்கு இரண்டு துண்டு, நடுவில் சட்டைக் காலருக்கு வைக்கும் கான்வாஸ் துணி ஒன்று. மூன்றையும் சேர்த்து ஓரம் தைத்து, நடு நரம்புக்கு ஜரிகை நூலால் ஒரு தையல் போடுங்கள். 90 சென்டிமீட்டர் அகலக் கதவுக்கு, ஓர் இலையின் நடுவிலிருந்து அடுத்த இலையின் நடுவுக்கு 8 சென்டிமீட்டர் வைத்தால் 11 இலை சரியாக இருக்கும். கரையைக் கதவு அகலத்தைவிட 10 சென்டிமீட்டர் கூடுதலாக வெட்டி நீளவாக்கில் மடித்து, மடிப்புக்குள் இலைக் காம்புகளை வைத்து ஒரே ஓட்டமாகத் தைத்துவிடலாம். தையல் இயந்திரம் இல்லாதவர்கள் கையால் ஓட்டுத் தையல் போட்டாலும் உறுதியாக இருக்கும்.

அடுத்தது மெத்தைத் தலையணை உறை. ஜிப் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். 40 சென்டிமீட்டர் சதுரத் தலையணைக்கு 42 சென்டிமீட்டர் அகலமும் 100 சென்டிமீட்டர் நீளமும் உள்ள ஒரே துண்டு போதும். குட்டையான இரண்டு ஓரங்களையும் மடித்துத் தைத்துவிட்டு, நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி இரண்டு முனையையும் நடுவில் ஒன்றின் மேல் ஒன்று ஏறுமாறு மடியுங்கள். திறந்திருக்கும் மேல் கீழ் ஓரங்களைத் தைத்துத் திருப்பினால் வேலை முடிந்தது. பட்டு மெலிந்திருந்தால் பின்னால் பழைய பருத்தி விரிப்பு ஒன்றைச் சேர்த்துத் தையுங்கள். ஜரிகை மேல் நேராக இஸ்திரி வைக்காமல் ஒரு கைக்குட்டையைப் போட்டு வையுங்கள். செயற்கை இழைச் சேலை சூட்டில் உருகும்.

சாமி மேடைக்குப் பின்னால் சேலையைத் திரையாகக் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். எண்ணெய் விளக்கு ஏற்றும் இடமென்றால் துணியை எட்டத் தள்ளியே கட்டுங்கள். மின்விசிறி போட்டால் துணி எவ்வளவு தூரம் பறக்கிறது என்று பார்த்துவிட்டு இடத்தை முடிவு செய்யுங்கள்.

வண்ண அரிசிக் கோலத்தை வீட்டிலேயே செய்து நிரந்தரமாக வைக்க முடியுமா?

முடியும். தீபாவளிக்குப் பேரங்காடிகளிலும் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் நாம் பார்க்கும் பெரிய கோலங்கள் பெரும்பாலும் சாயமேற்றிய அரிசியில் போட்டவை. மின்விசிறிக் காற்றில் பொடி பறக்கும், அரிசி மணி அசையாது.

ஒரு கப் நொய்யரிசிக்கு ஒரு தேக்கரண்டி வினிகர், சமையல் வண்ணம் சில சொட்டு. மூடி போட்ட டப்பாவில் குலுக்கி, தட்டில் பரப்பி நன்றாகக் காய விடுங்கள். காலண்டர் அட்டையில் கோலத்தை வரைந்து, ஒரு நிறத்துக்கு உரிய இடத்தில் மட்டும் பசை தடவி அரிசியைத் தூவி, கவிழ்த்துத் தட்டிவிட்டு அடுத்த நிறத்துக்குப் போகவும். முழுக்கக் காய்ந்தபின் வார்னிஷ் இரண்டு பூச்சு. வார்னிஷ் விட்டுப்போன இடத்தில் எறும்பும் வண்டும் வரும், ஆகவே ஓரங்களைக் கவனியுங்கள். இதற்காக நல்ல அரிசியை வீணாக்க வேண்டாம். வண்டு விழுந்து சமைக்க முடியாமல் போன அரிசியைச் சலித்து ஒரு நாள் உறைபெட்டியில் வைத்துப் பயன்படுத்தலாம்.

அங்பாவ் உறைகள் குவிந்து கிடக்கின்றன. தீபாவளி உறையும் சீனப் புத்தாண்டு உறையும் கலந்து செய்யலாமா?

தாராளமாக. சிவப்பும் ஊதாவும் பச்சையும் சேர்ந்தால் நம் அடுக்குமாடியே ஒன்றுகூடிய மாதிரி இருக்கும். நான்கு உறைகளைப் பக்கவாட்டில் ஒட்டி ஒரு நீளத் தாளாக்குங்கள். அதை நீளவாக்கில் இரண்டாக மடித்து, மடிப்பிலிருந்து விளிம்புக்கு ஒன்றரைச் சென்டிமீட்டர் மீதம் விட்டு, ஒரு விரல் அகலத்துக்கு ஒரு வெட்டு. விரித்து உருட்டி ஓரத்தை ஒட்டி, மேலும் கீழும் லேசாக அழுத்தினால் விளக்குக்கூண்டு. உள்ளே மெழுகுவர்த்தி வைக்கவே கூடாது.

போத்தலில் மணி பிளாண்ட் வைக்கலாமா? ஏடிஸ் கொசு பயமாக இருக்கிறது.

பயம் நியாயமானது. டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை தண்ணீரில் பொரித்துக் கொசுவாகப் பறக்க ஏழு முதல் பத்து நாள் போதும். வீட்டுக்குள் கொசுப்புழு இருந்தால் 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டத்தின்படி அபராதமும் உண்டு. ஆகவே ஒரு நாளை வைத்துக்கொள்ளுங்கள், வெள்ளிக்கிழமை சாமிக்கு விளக்கேற்றும் வீட்டில் வெள்ளிக்கிழமையே வசதி. அன்று தண்ணீரை முழுக்கக் கொட்டி, போத்தலின் உள்பக்கத்தைத் தூரிகையால் தேய்த்துக் கழுவிப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். முட்டை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், தண்ணீரை மட்டும் மாற்றினால் போகாது. போத்தல் வாயில் காம்பைச் சுற்றிப் பஞ்சு அடைத்தால் கூடுதல் காப்பு. மணி பிளாண்ட் இலையைப் பூனையோ குழந்தையோ கடித்தால் வாய் எரிந்து வீங்கும், எட்டாத உயரத்தில் வையுங்கள்.

தொங்கவிட ஒரு கயிறு உறி பின்னலாம். 3 மீட்டர் பருத்திக் கயிறு நான்கை எடுத்து, நடுவில் மடித்து ஒரு பழைய வளையத்தில் மாட்டினால் எட்டு இழை தொங்கும். மேலே எட்டையும் சேர்த்து ஒரு முடிச்சு. இரண்டு இரண்டாகப் பிரித்து 45 சென்டிமீட்டர் கீழே நான்கு முடிச்சு. அங்கிருந்து 9 சென்டிமீட்டர் கீழே, ஒரு ஜோடியில் ஓர் இழையும் பக்கத்து ஜோடியில் ஓர் இழையும் எடுத்து முடிச்சு போட்டால் வலை உருவாகும். இன்னும் 9 சென்டிமீட்டர் கீழே எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி, மிச்சத்தைக் குஞ்சமாக விடுங்கள். டி-சட்டையை வெட்டி எடுத்த பட்டையில் இதைச் செய்தால் கனத்துக்கு நீண்டு தொங்கிப்போகும். அந்தப் பட்டை மிதியடி பின்ன அருமையானது.

பால்கனி விளிம்பில் தொட்டி, டின் விளக்கு தொங்கவிடலாமா?

கிரில்லுக்கு உள்பக்கம் மட்டும். வெளிப்பக்கம் எதையும் தொங்கவிடாதீர்கள், கைப்பிடிச் சுவர் மேல் எதையும் வைக்காதீர்கள். 2018 ஜனவரியில் பந்தாய் டாலாம் பகுதி அடுக்குமாடியில் மேலிருந்து வந்து விழுந்த நாற்காலி 15 வயதுப் பையன் ஒருவனின் உயிரைக் குடித்தது. இருபதாவது மாடியிலிருந்து விழும் ஒரு பால் டின்னும் அதைச் செய்யும். பொது நடைபாதையிலும் அலங்காரம் சுவரோடு ஒட்டியதாக இருக்கட்டும். தீ பிடித்தால் எல்லாரும் ஓடும் வழி அதுதான்.

தோட்டத்தில் இருந்த காலத்துக் குடும்பப் படங்கள், பழைய தமிழ்ப் பத்திரிகைகள் உள்ளன. சுவரில் வைக்க ஆசை.

வையுங்கள், ஆனால் அசலை வைக்காதீர்கள். ரப்பர் தோட்ட லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வீட்டு வாசலில் தாத்தாவும் பாட்டியும் நின்ற படம் ஒன்றுதான் இருக்கும், அது போனால் போனதுதான். பழைய புகைப்படத்தின் மேற்பரப்பு ஈரத்தில் இளகிச் சட்டத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் முகம் உரிந்து வரும். பிரதி எடுத்து அந்தப் பிரதியைச் சட்டத்தில் போடுங்கள். அசலைத் தாள் உறையில் இட்டு, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு உள் அலமாரியில் வையுங்கள். படத்துக்குக் கீழே தோட்டத்தின் பெயர், ஆண்டு, நிற்பவர்களின் உறவு முறையை எழுத மறக்காதீர்கள். பேரப்பிள்ளைகள் கேட்கும்போது பதில் சுவரிலேயே இருக்கும்.

பத்திரிகைத் தாளைச் சத்தே இறைச்சி கோக்கும் மெல்லிய குச்சியில் சாய்வாகச் சுருட்டிக் குழலாக்கிக் கூடை பின்னுவது நல்ல வேலை. ஆனால் கட்டைப் பிரித்துப் பாருங்கள். 1924இல் தொடங்கிய தமிழ் நேசன் நாளிதழ் 2019இல் நின்றுவிட்டது. அதன் பழைய இதழ் ஒன்று கையில் இருந்தால் அதை வெட்டுவதற்கு எனக்குச் சம்மதமில்லை. நேற்றைய தாளில் கூடை பின்னிக்கொள்ளலாம்.

பழைய காலண்டர் சாமிப் படங்களை அலங்கார வேலைக்கு வெட்டலாமா?

முகத்தையும் உருவத்தையும் வெட்டாமல், ஓரத்துப் பூவேலையை மட்டும் எடுக்கலாம் என்பது என் பழக்கம். கல்யாணப் பத்திரிகையிலும் அப்படியே: பிள்ளையாரை விட்டுவிட்டுத் தங்கக் கரையை எடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களைக் கேட்டுவிட்டுச் செய்வது மரியாதை.

சேராத வளையல்களை என்ன செய்வது?

பட்டு நூல் அல்லது சேலைக் கரை சுற்றி, பெரியதும் சிறியதுமாக மீன்பிடி நரம்பில் கோத்து கிரில்லில் தொங்கவிடலாம். ஒரே அளவு வளையல் பத்தை அடுக்கி எபாக்சியால் ஒட்டினால் பேனா வைக்கும் குவளை. கண்ணாடி வளையல் பிள்ளைகள் ஓடும் இடத்தில் வேண்டாம். வளைகாப்பு வளையல்களைத் தனியாக ஒரு முறுக்கு டப்பாவில் இட்டு, உள்ளே தொடர் விளக்கைச் சுருட்டி வைத்துப் பாருங்கள். கூடத்தில் வேறு விளக்கே கேட்காது. அடாப்டரில் சிரிம் (மலேசியத் தரச் சான்று) ஒட்டுவில்லை இருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்குங்கள்.

பொருள் குறைந்தால் எங்கே கேட்பது?

ரவிக்கை தைக்கும் கடையில் முதலில் கேளுங்கள். துண்டுத் துணியை மூட்டையாகக் கட்டி எறிகிறார்கள், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள். மீட்டர் கணக்கில் வேண்டுமென்றால் மஸ்ஜித் இந்தியா, ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான் பக்கத்துத் துணிக்கடைகள். சிரட்டைக்குக் காலைச் சந்தையில் தேங்காய் துருவித் தரும் கடை, சௌகிட் சந்தையிலும் கிடைக்கும். சிரட்டையை ஒரு ராத்திரி ஊறவைத்து நாரைச் சுரண்டி, 80 எண் உப்புத்தாளில் தொடங்கி 240, 400 என்று தேய்த்துத் தேங்காய் எண்ணெய் பூசினால் கறுப்பு மெருகு வரும்.

செய்தவை பழசாகி, நிறம் போன பிறகு?

வருடத்துக்கு ஒரு முறை, தீபாவளிக்கு வீடு கழுவும்போது எல்லாவற்றையும் இறக்குங்கள். துணியைத் துவைத்து மறுபடி மாட்டுங்கள். துருப்பிடிக்காத டின்னுக்குப் புது வண்ணம் அடியுங்கள். பசையும் வார்னிஷும் படாத காகிதத்தைப் பழைய பேப்பர் லோரிக்குப் போடலாம். பூசியதை எடுக்க மாட்டார்கள், அது குப்பைக்குத்தான். எல்.இ.டி. விளக்கின் பேட்டரியை முனையில் டேப் ஒட்டித் தனியாகச் சேர்த்து, மின்கழிவு வாங்கும் பெட்டியில் போடுங்கள்.